மறுமொழி: கர்ட்டெயில்மென்ட் – ‘உற்பத்திவெட்டு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். காற்றாலையோ சூரிய மின் நிலையமோ மின்சாரம் ஆக்க முடிந்தும் ஆக்க வேண்டாமென்று நிறுத்திவைப்பதை ஆங்கிலத்தில் ‘கர்ட்டெயில்மென்ட்’ என்பார்கள். நம் சொற்பட்டியலில் அதற்கு ‘உற்பத்திவெட்டு’ என்று போடலாமா என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ‘உற்பத்திக் குறைப்பு’ என்று ஏற்கெனவே நாளிதழ்களில் வருகிறதே, புதுச்சொல் எதற்கு?

வருகிறது, எண்ணெய்ச் செய்திகளில். ஒபெக் நாடுகள் விலை சரியாமலிருக்கத் தாமாகக் கூடி எடுக்கும் முடிவு அது. காற்றாலைக்காரர் தாமாக எதையும் குறைப்பதில்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு வீசும். இரவில் மின்தேவை இறங்கியிருக்கும். அனல்மின் நிலையத்தையோ நினைத்தபோது அணைத்து நினைத்தபோது ஏற்ற முடியாது. மத்திய அனல்மின் நிலையங்கள் தம் திறனில் 55 விழுக்காடு வரை இறங்கினால் போதும் என்பதே விதி. தேவைக்கு மேல் மின்சாரம் வந்து சேர்ந்தால் மின்சாரத்தின் அலைவெண் இயல்பான 50 ஹெர்ட்சைத் தாண்டி ஏறும். சில வேளை அலைவெண் சரியாகவே இருக்கும், ஆனால் துணை மின் நிலையத்திலிருந்து வெளியே போகும் கம்பி அதற்கு மேல் சுமக்காது. அப்போது மாநில மின்பளு மையத்திலிருந்து உத்தரவு வரும். இறக்கைகளைக் காற்றில் பிடிபடாதபடி திருப்பி நிறுத்திவிடுவார்கள். களத்தில் இதற்குப் பெயர் ‘பேக் டவுன்’.

அனல் நிலையத்தை இறக்கச் சொன்னாலும் ‘பேக் டவுன்’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கே எரிக்காத நிலக்கரி முற்றத்தில் கிடக்கும், நாளைக்கு ஆகும். வீசிப்போன காற்று போனதுதான். நாம் தேடும் சொல் இந்த இரண்டாவதற்கு மட்டும். ‘உற்பத்திக் குறைப்பு’ என்பதை நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் விட்டுவிடலாம்.

> ‘கொள்முதல் மறுப்பு’ என்றால் நடப்பதை நேராகச் சொல்லும்.

உற்பத்தியாளர் பக்கமிருந்து பார்த்தால் நேர்தான். மின்வாரியம் அதையே ‘மின்தொகுப்புப் பாதுகாப்பு நடவடிக்கை’ என்று சொல்லும்; மின்தொகுப்பு என்பது நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலை, ‘கிரிட்’. இரண்டுமே வழக்கின் தீர்ப்பைச் சொல்லிலேயே எழுதிவிடுகின்றன. தமிழ்நாட்டின் சூரிய மின் நிலையங்கள் தொடர்பான வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் அலசியதே இதைத்தான்: நிறுத்தச் சொன்னது தொகுப்பைக் காக்கவா, காசைக் காக்கவா? தொகுப்பின் பாதுகாப்புக்காக அல்ல என்று கண்டு இழப்பீடு தரச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த மத்திய விதிகளும், காற்று, சூரிய மின் நிலையங்கள் போன்ற ‘கட்டாயம் ஓட்டவேண்டிய’ நிலையங்களை வணிகக் காரணத்துக்காக நிறுத்தக் கூடாது என்றன. ஆகவே காரணத்தை அடைமொழியாக வெளியே வைப்போம். ‘வணிக உற்பத்திவெட்டு’, ‘தொகுப்புக் காரண உற்பத்திவெட்டு’ என்று எழுதினால் வழக்கறிஞர்கள் அடைமொழிக்கு அடித்துக்கொள்ளட்டும்.

> பிறமொழிகளில் எப்படி?

சீனத்தில் ‘காற்றைக் கைவிடல்’ என்ற பொருளில் சொல்கிறார்கள். கைவிட்ட அளவும் கொஞ்சமல்ல: 2016இல் நாடு முழுக்கக் காற்று மின்சாரத்தில் 17 விழுக்காடு, கான்சு மாகாணத்தில் மட்டும் 43. சிலியில் ‘வெர்திமியென்தோ’; அணை நிரம்பி நீர் வழிவதற்கான சொல்லையே வடக்குப் பாலைவனத்துச் சூரிய மின்சாரத்துக்கும் நீட்டிவிட்டார்கள். வெயில் அட்டகாமாவில், ஆட்கள் சாந்தியாகோ பக்கம், நடுவில் போதாத கம்பி. இதைப் பின்பற்றி முன்மொழியப்பட்ட ‘மின்வழிவு’ காதுக்கு இனிமைதான். ஆனால் நம்மூரில் அணை வழிந்தால் பூத்தூவி வரவேற்பார்கள். நட்டத்தைச் சொல்லும் இடத்தில் அந்தக் களிப்பு ஒட்டாது. கான்சுவிலும் கணவாயிலும் நடப்பதற்கு என் கணக்கில் வழிவை விட வெட்டே பொருந்துகிறது.

> ‘வெட்டு’ கொச்சையாக இல்லையா?

மின்வெட்டு கொச்சையா? எந்தக் குழுவும் கூடி ஆக்காமலே வீட்டுக்கு வீடு நிலைத்த சொல் அது. மின்வெட்டில் பயனருக்கு வரவு நிற்கிறது, உற்பத்திவெட்டில் ஆக்குபவருக்குப் போக்கு நிற்கிறது. இந்த இணையே எனக்கு முதன்மையான காரணம். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இரண்டும் நடந்தன: மதுரையிலும் கோவையிலும் மணிக்கணக்கில் மின்வெட்டு, காற்றுப் பருவத்தில் மின்சாரத்தை வெளியே எடுத்துப்போகக் கம்பி போதாமல் காற்றாலைகளுக்கு உற்பத்திவெட்டு. பிறகு ஒரு மாநிலத்தின் மின்துறையைப் பற்றி எழுத வேறென்ன சொல் வேண்டும்?

‘உற்பத்தி வடசொல், ஆக்கவெட்டு என்க’ என்பவர்களுக்கு: மின்னாக்கம் நல்ல சொல். ஆனால் ‘ஆக்கவெட்டு’ என்று தனியே பார்த்தால் மின்சாரம் நினைவுக்கு வரவில்லை. இலங்கை வழக்கான ‘மின்பிறப்பாக்கம்’ இதைவிடத் துல்லியம். அதோடு வெட்டைச் சேர்த்தால் வாய் வலிக்கிறது.

கிளிநொச்சி நண்பர் கேட்டது கடினமான கேள்வி. 2025 பெப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் இருண்ட பிறகு, ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. ஆலைகள் மூடியிருந்ததால் தேவை சரிந்திருந்தது, வெயிலோ குறையவில்லை. இது உற்பத்திவெட்டா? கட்டளை இல்லை, வேண்டுகோள்தான். ஆனாலும் நிறுத்தச் சொன்னது தொகுப்பு, நட்டம் கூரைக்காரருக்கு. நான் இதையும் சேர்த்துக்கொள்வேன். ‘வேண்டுகோள்வழி’ என்று முன்னொட்டுப் போட்டால் போதும்.

வினையில்தான் இடர். ‘காற்றாலை வெட்டப்பட்டது’ என்றால் யாரோ அரிவாளோடு போனது போலாகும். ‘உற்பத்திவெட்டுக்கு உள்ளானது’, ‘உற்பத்திவெட்டு விதித்தார்கள்’ என்று எழுதலாம். ‘உற்பத்திவெட்டு வீதம்’, ‘உற்பத்திவெட்டு இழப்பீடு’ சிக்கலின்றி வருகின்றன. இழந்த யூனிட்டுகளைக் குறிக்க ‘வெட்டுண்ட யூனிட்’ என்று போட்டுப் பார்த்தேன், பிடிக்கவில்லை. ‘மின் இழப்பு’ என்பது கம்பியில் சூடாகிப் போவதற்கு ஏற்கெனவே உரியது, அதை எடுக்கக் கூடாது. ‘ஆக்கவிடாத யூனிட்’ பேச்சுவழக்காக இருந்தாலும் பொருள் தெளிவு. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். தலைச்சொல்லை மட்டும் இந்த வாரம் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன், சேர்த்தெழுதியே.