கச்சான் காற்று வீசும் காலத்தில் தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள்?

எங்கள் வீடு மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல் வளவு. கத்தரி, வெண்டி, பயிற்றை, மிளகாய், வேலியோரம் கறிவேப்பிலையும் முருங்கையும் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கிணறுதான். அதனால் காலத்துக்கு ஏற்றபடி தண்ணீர் விடுகிற முறையை மாற்றிக்கொண்டே வருகிறோம்.

மாரியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாத்தியை உயர்த்திக் கட்டி, வெள்ளம் வடிய வழி விட்டால் போதும். மாசி, பங்குனியில் மேல் மண் வெளுத்துக் கிடந்தாலும் கீழே ஈரம் இருக்கும். விரலை உள்ளே விட்டுப் பார்ப்பேன், மணல் விரலில் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் திருக்குளிர்த்திச் சடங்கு முடிகிற கையோடு கச்சான் வீசத் தொடங்கும். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று மழையை மலைநாட்டிலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாக வருகிறது. அந்த நாட்களில் வெயில் ஒரு பக்கம், இந்தக் காற்று ஒரு பக்கம் ஈரத்தை உறிஞ்சிவிடும். காற்று எழும்பிய பிறகு ஹோஸ் பிடிப்பது வீண். விடியப்புறம், காற்று அடங்கியிருக்கும் நேரத்தில், பூவாளியால் செடியின் அடியில் மட்டும் ஊற்றுகிறேன்.

மணலில் ஒரேயடியாக நிறைய விட்டால் தண்ணீர் வேரைத் தாண்டி இறங்கிவிடும், போட்ட பசளையும் அதோடு போகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் களிமண் காணியில் தோட்டம் வைத்திருக்கும் என் மச்சாள் நன்றாக நனைய விட்டு, பிறகு சில நாள் விட்டுவிடுவா. அந்த மண்ணுக்கு அது சரி. இங்கே அப்படிச் செய்தால் பயிற்றை மறுநாளே தலை தொங்கும்.

எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டு மோட்டர் நீளத்துக்கு ஓடினாலும் பக்கத்து வளவுப் பெரியம்மா வேலிக்கு வந்துவிடுவா. "மோட்டர நிப்பாட்டு புள்ள, கிணறு உவர்க்கப் போகுது." அவ சொல்வது உண்மை. மாரி மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. வேகமாக இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். பயிற்றை இலையின் ஓரம் பழுப்பாகக் கருகுவதில்தான் நான் முதலில் கண்டுபிடிப்பேன். அதனால் காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று வாளியால் அள்ளி, இடையில் கிணறு ஊற விடுகிறோம்.

மிகவும் கைகொடுப்பது தேங்காய்ப் பொச்சுதான், அதாவது உரித்த மட்டை. பாத்தி போடும்போதே ஒரு முழ ஆழத்தில், குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடுகிறேன். இறங்குகிற தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடுங்கிய கத்தரியின் வேர் அந்தத் தும்புக்குள் பின்னிக் கிடப்பதைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். மேலே காய்ந்த இலை, வைக்கோல். ஆனி, ஆடியில் புதிதாக நாற்று நடுவதே இல்லை, இருக்கிறதைக் காப்பாற்றினால் சரி.

திருக்கோவில், அக்கரைப்பற்றுப் பக்கம் கடலோர மணலில் தோட்டம் செய்கிறவர்கள் கச்சானில் எதை வைத்திருக்கிறீர்கள், எதைக் கைவிடுகிறீர்கள் என்று எழுதுங்கள். முக்கியமாக, கொஞ்சம் உவர்த் தண்ணீரைத் தாங்குகிற கீரை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.