வரத்துக் கால்வாய் ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது எப்படி?

வயக்காட்டான்:
தேவகோட்டைப் பக்கம் எங்க ஊர்க் கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடக்கு. ரெண்டு இடத்துல வேலி போட்டு அடைச்சிருக்காங்க. குடிமராமத்துல (கண்மாய், கால்வாயைச் சீரமைக்கிற அரசுத் திட்டம்) வேலை முடிஞ்சதா போர்டு நிக்குது. "ஏன் தூர்வாரவில்லை, ஆக்கிரமிப்பை ஏன் அகற்றவில்லை" என்று ஓர் அலுவலகத்துக்கு மனுப் போட்டோம். "கோரியது தகவல் வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் பதில். இனி எப்படி எழுதணும், யாருக்கு அனுப்பணும்?

கரைமேட்டார்:
தம்பி, மனுவில் "ஏன்" வரவே கூடாது. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைத்தான் இந்தச் சட்டத்தில் கேட்க முடியும். விளக்கம் எழுதித் தரச் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றமும் 2011-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: இன்ன கண்மாய், இன்ன ஆண்டு குடிமராமத்துப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், பணம் வழங்கிய பட்டியல்.

இதில் உயிர் அளவுப் புத்தகம்தான். ஆபீஸில் எம்-புக் என்பார்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எவ்வளவு நீளம், அகலம், ஆழம், எத்தனை கனமீட்டர் மண், எந்தத் தேதியில் அளந்தது என எல்லாம் அதில் இருக்கும். நகல் வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போங்கள். வேலி நிற்கிற இடத்துக்கும் மண் வெட்டியதாகக் கணக்கு இருக்கிறதா, அளந்த தேதியில் கால்வாயில் தண்ணீர் நின்றதா என்று பாருங்கள். நூறு கேள்வி கேட்டாலும் கிடைக்காதது அந்த ஒரு பக்கத்தில் கிடைக்கும்.

ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத்துறையுடையது. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். நில எல்லை ஆவணங்கள் தாலுகா ஆபீஸில். எல்லாவற்றையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள், துறைக்கு ஒன்றாக எழுதுங்கள். தவறான இடத்துக்குப் போனாலும் 6(3) பிரிவுப்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றியாக வேண்டும்.

நோட்டுப்பிரதி:
கட்டணம் 10 ரூபாய். நம் மாநில அலுவலகங்களுக்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகத்துக்கு எடுக்கிற போஸ்டல் ஆர்டரை இங்கே வைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். "பொதுத் தகவல் அலுவலர்" என்று பதவிப் பெயருக்கே எழுதுங்கள், ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். பதில் தர அவருக்கு உள்ள 30 நாள் கணக்கு, மனு அவர் கைக்குப் போன நாளிலிருந்து. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்டுக் கடிதம் வந்தால் உடனே கட்டிவிடுங்கள். கடிதம் அனுப்பிய நாள் முதல் நீங்கள் கட்டும் நாள் வரை அந்த 30 நாளில் சேராது. கெடு தாண்டிவிட்டால் 7(6) பிரிவுப்படி நகல் இலவசம். மனுவில் காரணம் சொல்லத் தேவையில்லை.

சர்வேகல்:
அ-பதிவேட்டுக்கும் (எந்தப் புல எண் என்ன வகை நிலம், யார் பெயரில் என்ற பதிவேடு) புலப்படத்துக்கும் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) மனுவே வேண்டாம். "எங்கிருந்தும் எந்நேரமும்" நிலச் சேவைத் தளத்தில் புல எண் போட்டுப் பார்க்கலாம். கால்வாய்ப் புறம்போக்கில் ஓர் உட்பிரிவு மட்டும் பட்டாவாக மாறியிருந்தால், அந்த உட்பிரிவை மாற்றிய உத்தரவின் நகலை மனுவில் கேளுங்கள். பழைய புல எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், இல்லையென்றால் பழைய பதிவேட்டில் தேட முடியாது.

1985-க்கு முன் சிவகங்கை நம் மாவட்டமே இல்லை, இராமநாதபுரம்தான். பழைய பதிவேடு எந்த ரெக்கார்ட் ரூமில் இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.

கண்மாய் நீர்வளத்துறையுடையது என்றால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி சர்வே செய்து எல்லை குறித்த வரைபடத்தையும், வேலி போட்டவர்களுக்குக் கொடுத்த நோட்டீஸ் நகலையும் கேளுங்கள். நோட்டீஸே இல்லை என்று எழுதித் தந்தால் அதுவும் உங்களுக்கு நல்ல ஆவணம்தான்.

வயக்காட்டான்:
ரொம்ப நன்றிண்ணே. "கோப்பு கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால்?

கரைமேட்டார்:
கோப்பு காணோம் என்பது சட்டத்தில் சொன்ன விலக்கு எதிலும் சேராது. அழித்திருந்தால் அழிப்புப் பதிவேட்டின் நகலைத் தர வேண்டும். முதல் மேல்முறையீட்டில் அதையே கேளுங்கள். பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும், கட்டணம் கிடையாது. அந்த மேல்முறையீட்டை 45 நாளுக்கு மேல் இழுத்தாலோ, திருப்தியில்லாமல் முடித்தாலோ 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. வேண்டுமென்றே தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம் போட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

இன்னொன்று, நகலோடு நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். 2(ஜே) பிரிவில் அந்த உரிமை இருக்கிறது, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. எம்-புக்கில் எந்தப் பக்கம் வேண்டும் என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் அந்தப் பக்கங்களுக்கு மட்டும் பணம் கட்டலாம்.