சம்பளம் கூடினால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உடனே நின்றுவிடுமா? நவம்பரில் மனைவிக்குப் பிரசவம்

கொழிஞ்சாம்பாறைக்காரன் (2024 ஆகஸ்ட் 6):
வணக்கம். மூன்று ஆண்டுகளாகக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். ஜூலைச் சம்பளச் சீட்டில் மொத்தம் 22,400 ரூபாய் வந்ததால், 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டிவிட்டேன் என்றும், இனி இ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது என்றும் கணக்குப் பிரிவில் சொல்கிறார்கள். சென்ற ஆண்டு மணமுடித்த என் மனைவி, நவம்பரில் பிரசவத்துக்காகக் கோவையிலுள்ள தாய்வீட்டுக்குச் செல்லவிருக்கிறார். அவர் பெயர் இன்னும் மாமனாரின் ரேஷன் அட்டையில் இருப்பதால், மாமனாரின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையே போதும் என்கிறார் மாமியார். அது செல்லுமா?

வாளையாற்றுக் கணக்கர்:
தம்பி, பிடித்தத்தை நடுவில் நிறுத்துவது தவறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. காலம் தொடங்கிய பிறகு சம்பளம் வரம்பைத் தாண்டினாலும், அந்தக் காலம் முடியும்வரை முழுச் சம்பளத்துக்கும் பிடித்தம் செய்தாக வேண்டும். 22,400 ரூபாய்க்கு உங்கள் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 168 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு, 728 ரூபாய். (நிறுத்தினால் யாருக்கு மிச்சம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) நவம்பர் பிரசவமோ, சென்ற அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்குரிய ஜூலை–டிசம்பர் பயன் காலத்துக்குள் (சிகிச்சை பெறும் காலத்துக்குள்) வருகிறது. அது இருக்கட்டும், அந்த 22,400இல் ஓவர்டைம் எவ்வளவு?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
1,900 ரூபாய், ஐயா.

வாளையாற்றுக் கணக்கர்:
அப்படியானால் நீங்கள் வரம்பைத் தாண்டவே இல்லை. ஓவர்டைமுக்கும் பிடித்தம் உண்டு. ஆனால் வரம்பைப் பார்க்கும்போது அதைச் சேர்க்கக் கூடாது. 20,500 ரூபாய்தான் கணக்கு.

பொள்ளாச்சி அக்கா:
மாமனாரின் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம், தம்பி. மணமான மகள் அந்தத் திட்டத்தில் வருவாளா என்று முதலில் கேட்டு உறுதிசெய்யுங்கள். இ.எஸ்.ஐ. குடும்ப விவரத்தில் மனைவியின் பெயரைச் சேர்த்தீர்களா? சேர்க்காவிட்டால், ஆதாருடன் நிறுவனத்தின் வழியாகச் சேர்த்து, அவர் தங்கப்போகும் கோவைப் பகுதி டிஸ்பென்சரியையும் குறிக்கச் சொல்லுங்கள், சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அங்கிருந்து அனுப்புவார்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் (ஆகஸ்ட் 9):
பெயரைச் சேர்க்கவே இல்லை, அக்கா. இன்றுதான் ஆதார் நகலைக் கொடுத்தேன். ஓவர்டைமைக் கழித்துக் காட்டியதும், பிடித்தத்தைத் தொடர ஒப்புக்கொண்டார்கள்.