'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்': முக்கால்வாசி சோகம், ஆனாலும் மனசு நிறைகிறதே, எப்படி?

புதுரசிகை:

கிறிஸ்துமஸ் படம் என்று யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். நேற்று ராத்திரிதான் முதல் தடவையாகப் பார்த்தேன். சந்தோஷமான படம் என்று நம்பி உட்கார்ந்தால், ஜார்ஜ் பெய்லி ஆசைப்பட்டது ஒன்றுகூட நடக்கவில்லை. உலகம் சுற்றக் கிளம்புகிறான், அப்பா இறந்துபோகிறார். கல்லூரிக்குச் சேர்த்து வைத்த பணத்தில் தம்பி படிக்கிறான். தேனிலவும் போச்சு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்க்கிறான். அதுவரைக்கும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அழுதேன், ஆனால் அது நல்ல அழுகை.

1946-ல் வந்த படம் இன்றைக்கும் இப்படிப் பிடித்து உலுக்குவதற்கு அந்த முடிவு மட்டும்தான் காரணமா? அப்புறம், ஜார்ஜ் நடத்தும் கடன் சங்கத்தின் தொலைந்த 8,000 டாலரை அமுக்கிக்கொண்ட ஊர்ப் பணக்காரன் பாட்டருக்கு ஒன்றுமே ஆகவில்லையே, அது உங்களை உறுத்தவில்லையா? பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்றும் சொல்லுங்கள். மூத்தவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு.

கறுப்புவெள்ளை:

முடிவு மட்டும்தான் காரணம் என்றால், அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரு வீடு, நிறையக் கூட்டம், மேஜையில் பணம். அவ்வளவுதான். கண்ணில் நீர் வராது. அந்தப் பணத்துக்கு முன்கதை இருப்பதால்தான் நமக்கு அழுகை வருகிறது.

கிளாரன்ஸ் என்ற தேவதை என்ன செய்கிறது என்று கவனித்தீர்களா? ஒரு டாலர்கூடக் கொண்டுவரவில்லை. தொலைந்த பணத்தைக் கண்டுபிடித்துத் தரவும் இல்லை. ஜார்ஜைத் தடுக்க அது செய்யும் முதல் வேலையே தான் ஆற்றில் குதிப்பதுதான். கண்ணெதிரே ஒருவன் மூழ்கினால் ஜார்ஜுக்குச் சாகிற எண்ணம் மறந்துபோகும், காப்பாற்றக் குதித்துவிடுவான் என்று அதற்குத் தெரியும். இந்த ஒரு இடத்திலேயே ஜார்ஜ் யார் என்பது முழுசாக வந்துவிடுகிறது.

பணத்தைக் கொண்டுவருகிறவர்கள் ஊர்க்காரர்கள். அதற்கான விதை எங்கே விழுந்தது என்றால், ஜார்ஜின் கல்யாண நாளன்று, போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டு ஊரே ஓடிவரும் அந்தக் காட்சியில். இந்தப் படத்தின் இதயம் அதுதான் என்பது என் கட்சி. ஊர் முழுக்கப் பீதி. பெய்லி குடும்பத்தின் கடன் சங்க வாசலில் கூட்டம் நெருக்குகிறது. பாட்டர் பாதி விலைக்குப் பங்குகளை வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறான். தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரைத் தூக்கிக் காட்டுகிறாள் ஜார்ஜின் மனைவி மேரி. முதலில் வருகிறவர் விடாப்பிடியாக 242 டாலரையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அவரைத் திட்ட முடியாது, அவர் போட்ட பணம் அது. அடுத்து ஒரு அம்மா இருபது டாலர் போதும் என்கிறார். அதற்குப் பிறகு மிஸ் டேவிஸ், மெதுவான குரலில், பதினேழரை டாலர் கிடைக்குமா என்று கேட்கிறார்.

அந்தப் பதினேழரையை நினைத்துப் பாருங்கள். வாரம் ஓட என்ன வேண்டும் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் ஒரு காசு கேட்கக் கூச்சப்படுகிற ஒரு பெண். ஜார்ஜ் எட்டி அவருக்கு ஒரு முத்தம் கொடுத்துவிடுகிறான். வரிசையில் பின்னால் நிற்கும் யாருக்காவது பணம் கிடைக்காமல் போய்விடுமோ என்று யோசித்த முதல் ஆட்கள் இவர்கள். பயம் தொற்றுகிற மாதிரியே இந்த எண்ணமும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. கதவை மூடும்போது மிச்சம் 2 டாலர்.

பல வருஷம் கழித்து அதே ஊர், வாங்கின இடத்திலேயே கொண்டுவந்து கொட்டுகிறது. இரண்டு இடத்திலும் காரியத்தைத் தொடங்கி வைப்பது மேரி என்பதையும் பாருங்கள். அன்றைக்குப் பணத்தை நீட்டியவள் அவள்தான். இன்றைக்கு ஜார்ஜ் ஆபத்தில் இருக்கிறான் என்று நாலு பேரிடம் போய்ச் சொன்னவளும் அவள்தான். தேவதையைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள், மேரியைப் பற்றி இன்னும் நிறையப் பேசலாம் என்பது என் ஆசை.

சோகம் என்று சொன்னீர்கள். அதை மழுப்பாமல் வைத்ததால்தான் படம் நிற்கிறது. பணம் தொலைந்த அன்று வீட்டுக்கு வரும் ஜார்ஜைப் பாருங்கள். மாடிப்படிக் கைப்பிடியின் குமிழ் கையோடு வந்துவிடுகிறது, எறியப் போகிறான். மகள் பியானோவில் ஒரே கிறிஸ்துமஸ் பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அவளிடம் கத்துகிறான். மூலையில் தான் ஆசையாகச் செய்து வைத்திருந்த பாலத்தின் மாதிரியை உதைத்து நொறுக்குகிறான். பிள்ளைகள் உறைந்து நிற்கிறார்கள். நல்லவன் ஒருவன் தன் வீட்டாரையே பயமுறுத்தும் இந்தக் காட்சியை, மனசைத் தேற்ற வந்த ஒரு படத்தில் வைக்கத் துணிச்சல் வேண்டும். அவன் திரும்பி வரும்போது அதே குமிழ் கையில் வர, அதற்கு முத்தம் கொடுக்கிறான். அதே பாட்டைத்தான் கடைசியில் வீடு நிறையப் பேர் பாடுகிறார்கள். வீட்டில் ஒரு பொருளும் மாறவில்லை.

பாட்டர் விஷயம். உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை விதிப்படி தப்பு செய்தவன் மாட்டிக்கொள்வதுதான் வழக்கம். இங்கே பாட்டர் பணத்தோடு தப்பிவிடுகிறான், யாருக்கும் தெரியக்கூட இல்லை. அவனைத் தண்டிக்க ஒரு காட்சி வைத்திருந்தால் நம் கவனம் பழிவாங்குவதில் போயிருக்கும். அந்த நேரத்தில் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் பாட்டர் ஞாபகமே இல்லை. எனக்கு அதுவே போதும்.

ஒலிப்பெட்டி:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் படம் நிலைத்ததில் ஒரு தற்செயலும் உண்டு. வெளியானபோது இது லாபம் பார்க்கவில்லை. ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன, சிறந்த படம், இயக்குநர், நடிகர் மூன்றையும் போரிலிருந்து திரும்பிய வீரர்களைப் பற்றிய வேறொரு படம் தட்டிக்கொண்டு போனது. 1974-ல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் பணம் கட்டாமல் ஒவ்வொரு டிசம்பரிலும் திரும்பத் திரும்பப் போட்டன. ஒரு தலைமுறையே அப்படிப் பார்த்து வளர்ந்தது. 1993-ல் மூலக் கதையின் உரிமையை வைத்துத்தான் மறுபடி பிடித்தார்கள்.

அந்த மூலக் கதைக்கும் ஒரு கதை உண்டு. எழுதியவர் பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன். பத்திரிகைகள் எதுவும் வாங்காததால், 1943-ல் அதைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து கிறிஸ்துமஸ் வாழ்த்தாக நண்பர்களுக்கு அனுப்பினார்.

இன்னொன்று, ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகம். அவர் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டி, ஐரோப்பாவின் மேல் இருபது தாக்குதல்களில் பறந்துவிட்டு வந்தவர். திரும்பி வந்து நடித்த முதல் படம் இது. மதுக்கடையில் உட்கார்ந்து முணுமுணுப்பாகப் பிரார்த்திக்கும் காட்சியில் அந்தக் கண்ணீர் திட்டமிட்டதில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேமரா தள்ளி இருந்ததால் இயக்குநர் ஃபிராங்க் காப்ரா அந்தக் காட்சியை ஆய்வகத்தில் பெரிதாக்கினாராம். அந்த இடத்தில் மட்டும் படம் லேசாகச் சொரசொரப்பாகத் தெரியும், பாருங்கள்.

மழைத்துளி:

எனக்கும் உயிரான படம்தான், ஆனால் ஒரு இடம் ஒவ்வொரு முறையும் இடிக்கிறது. ஜார்ஜ் பிறக்காமலே இருந்திருந்தால் ஊர் எப்படி ஆகியிருக்கும் என்று கிளாரன்ஸ் அவனுக்குக் காட்டும் பகுதியில், மேரிக்கு நேர்ந்த பெரிய கொடுமையாக என்ன காட்டுகிறார்கள்? கல்யாணம் ஆகாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, நூலகத்தைப் பூட்டிவிட்டு வருகிறாள். இதுவா பயங்கரம்? அதற்குச் சற்று முன்னால்தான் தம்பியின் கல்லறையைப் பார்க்கிறோம். சின்ன வயதில் பனி உடைந்து விழுந்தவனைத் தூக்க அண்ணன் இல்லை, அதனால் பின்னாளில் அவன் காப்பாற்ற வேண்டிய கப்பல் முழுக்க வீரர்கள் செத்தார்கள். அவ்வளவு கனமான ஒன்றுக்குப் பக்கத்தில் இந்த நூலகக் காட்சி நிற்கவில்லை.

கறுப்புவெள்ளை:

மழைத்துளி, நியாயமான பேச்சு. அந்த ஒரு காட்சியை நானும் தாங்கிப் பேச மாட்டேன். ஜார்ஜைத் தெரியாமல் அவள் அலறி ஓடும் கணம் அவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்பது மட்டும் எனக்கு வேலை செய்கிறது.

புதுரசிகை:

அந்தப் பதினேழரை டாலர் பெண்ணை நான் கவனிக்கவே இல்லை! இன்றைக்கே அந்தக் காட்சியை மறுபடி பார்க்கப் போகிறேன். பிள்ளைகள் விஷயம் யாரும் சொல்லவில்லையே. வண்ணம் சேர்த்த பதிப்பு பார்க்க எளிதாக இருக்குமா?

கறுப்புவெள்ளை:

பத்து வயதுக்காரிக்குத் தாராளமாகக் காட்டலாம், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆறு வயதுக்காரன் இன்னும் ஓரிரு வருஷம் பொறுக்கட்டும். ஆரம்பத்திலேயே மருந்துக்கடைக்காரர் கவர், மகன் இறந்த தந்தி வந்த துக்கத்தில் குடித்துவிட்டு, சிறுவன் ஜார்ஜைக் காதில் ரத்தம் வரும்வரை அடிக்கிறார். தான் மருந்தில் விஷம் கலந்துவிட்டதையும், அது யாருக்கும் போய்ச் சேராமல் தடுத்தவன் அவன்தான் என்பதையும் புரிந்துகொண்டதும் கட்டிப்பிடித்து அழுகிறார். சின்னவனுக்கு அடிதான் மனசில் நிற்கும். பாலத்துக் காட்சிக்கு முன்னாலேயே மூத்தவளிடம் ஜார்ஜ் என்ன நினைக்கிறான் என்று பேசிவிடுங்கள். அவளாகக் குழம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

கறுப்பு வெள்ளையிலேயே பாருங்கள். ராத்திரிக் காட்சிகளில் நிழலும் பனியும் அதற்காகவே ஒளி வைத்து எடுத்தவை. வண்ணம் பூசுவதை ஸ்டூவர்ட்டே எதிர்த்தார். முக்கியமாக, ஓடும் நேரம் 130 நிமிஷம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்கிய பதிப்பு ஒன்றும் கிடைக்கிறது. ஜார்ஜ் பிறக்காத ஊரைக் காட்டும் பகுதியே அதில் இல்லை. பாலத்தில் நின்றவன் அடுத்த காட்சியில் திடீரென்று சிரித்துக்கொண்டு ஓடிவருவான், பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. ஒரே மூச்சில் நீளம் என்றால் முதல் நாள் அந்த 2 டாலரைப் பெட்டகத்தில் வைப்பதுவரை பாருங்கள், மிச்சத்தை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.