கார்ப்பெட் ஏரியா: ‘உள்ளளவுப் பரப்பு’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டின் வெளிச்சுவர்களுக்கு உள்ளே கிடைக்கும் தரைப்பரப்பைக் குறிக்கும் ‘கார்ப்பெட் ஏரியா’வுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த ‘தரைவிரிப்புப் பரப்பு’ என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சுவருக்குச் சுவர் விரிப்புப் போடும் வழக்கம் நம் வீடுகளில் இல்லாததால், கடலூரிலோ புதுச்சேரியிலோ அடுக்குமாடி வீடு வாங்க வருபவருக்கு அது எதையும் உணர்த்தாது. முந்தைய மடலில் நம் குழுவின் ஐயா ஒருவர் முன்வைத்த ‘புழங்கு பரப்பு’ அழகான சொல். ஆனால் பால்கனியிலும் நாம் புழங்கத்தான் செய்கிறோம். 2016ஆம் ஆண்டின் ரெரா (வீடு, மனை வணிக ஒழுங்குமுறை) சட்டமோ வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டைமாடி, குழாய்கள் இறங்கும் டக்ட் ஆகியவற்றை விலக்கிவிட்டு, அறைகளோடு உட்சுவர்கள் நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது.

நம் கொத்தனார்கள் நாள்தோறும் சொல்லும் ‘உள்ளளவு’, ‘வெளியளவு’ என்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு, கார்ப்பெட் ஏரியாவை ‘உள்ளளவுப் பரப்பு’ என்றும், வெளிச்சுவரையும் சேர்த்து அளக்கும் பில்ட்அப் ஏரியாவை ‘வெளியளவுப் பரப்பு’ என்றும் அழைக்கலாம் என்பது என் முன்மொழிவு. வெளியளவில் 30 அடிக்கு 40 அடி உள்ள வீடு 1,200 சதுர அடி. சுற்றிலும் 9 அங்குலச் சுவர் என்றால் உள்ளே 28.5க்கு 38.5, அதாவது ஏறத்தாழ 1,097 சதுர அடிதான். வெளிச்சுவர் மட்டுமே நூறு சதுர அடிக்கு மேல் விழுங்கிவிடுவதை இவ்விரு சொற்களும் வாங்குபவருக்குத் தாமே காட்டிவிடுகின்றன.

கொத்தனார் வழக்கில் உள்ளளவு ஓர் அறைக்கு உரியது, உட்சுவரைச் சேர்க்காது என்ற மறுப்பு எழலாம், அது நியாயமானதே. வீடு முழுமைக்கும் வெளிச்சுவரின் உள்முகத்திலிருந்து அளப்பது என்று வரையறையில் எழுதிவிட்டால் அக்குழப்பம் தீரும்.

நிர்வாகத்திற்கும் இது பயன்படும். வரைபடம் ஓர் அளவையும், விளம்பரம் வேறோர் அளவையும், விற்பனை ஒப்பந்தம் மூன்றாவது அளவையும் சொல்லும்போதுதான் வாங்குபவருக்கும் நிறுவனத்துக்கும் பிணக்கு தொடங்குகிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ரெரா ஆணையங்கள் தனித்தனியே இருந்தாலும் சட்டம் ஒன்றே. ஆகவே சொல்லும் ஒன்றாக இருப்பதே முறை.

படிக்கட்டு, லிப்ட், நடைவழி ஆகியவற்றின் பங்கையும் கூட்டிச் சொல்லும் சூப்பர் பில்ட்அப் ஏரியாவுக்குப் ‘பொதுப்பங்கு சேர்ந்த பரப்பு’ என்பது எனக்கே நீளமாகப் படுகிறது. ‘பொது’ என்ற சொல்லை விடாமல் அதைச் சுருக்க வழியிருந்தால் தெரிவியுங்கள்.