கான்டெசா: பூஸ்டர் மாற்றிய பிறகு பிரேக் தானாகவே பிடித்துக்கொள்கிறது

நாமக்கல்_ஜிஎல்எக்ஸ்:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 1.8 ஜிஎல்எக்ஸ் கான்டெசா கார், இசுசு பெட்ரோல் இன்ஜின். அப்பா ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனம் வரவில்லை.

பிரேக் பூஸ்டருக்குள் (இன்ஜினின் வேக்குவத்தால் பெடலை மிதிக்க லேசாக்கும் டப்பா) டயாபிராம் என்ற ரப்பர் தடுப்பு கிழிந்து, பெடலை மிதிக்கும்போதெல்லாம் "ஸ்ஸ்" என்று சத்தம் வந்தது. பெடலும் ரொம்ப இறுகிவிட்டது. புது பூஸ்டர் தேடிக் கிடைக்காமல், பழையதையே வெளியூரில் ஒரு கடையில் பிரித்து ரிப்பேர் செய்து வாங்கினேன். அதை மாட்டும்போதே மாஸ்டர் சிலிண்டருக்கும் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பகுதி) புது ரப்பர் கிட் போட்டாயிற்று. நான்கு சக்கரத்திலும் பிரேக் ஆயிலுக்குள் இருந்த ஏர் எடுத்தாயிற்று.

இப்போது பெடல் அருமை. லேசாகத் தொட்டாலே பிடிக்கிறது. பிரச்சினை என்னவென்றால், நாமக்கல்லில் கிளம்பி சேந்தமங்கலம் தாண்டுவதற்குள் வண்டி இழுக்கத் திணறுகிறது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டிலும் கை வைக்க முடியாத சூடு, கருகல் நாற்றம். பின் சக்கரங்களும் வெதுவெதுப்பாக இருக்கின்றன. அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தினால் தானாக விட்டுவிடுகிறது. மறுபடி ஓட்டினால் மறுபடி அதே கதை.

ஒரு மெக்கானிக் முன் டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கும் இரண்டு காலிப்பரையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் சக்கரத்துக்கு ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் என்கிறார். இன்னொன்றும் உண்டு: மாஸ்டருக்கு மேலே உள்ள ஆயில் டப்பாவில், அதாவது ரிசர்வாயரில், பிரேக் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டு இல்லை. அம்மாவைக் கொல்லிமலை கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. எதை முதலில் பார்ப்பது?

அம்பி_மார்க்4:

நண்பரே, முன் ஹோஸ்களைச் சந்தேகப்படுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்சுவர் உப்பி அடைத்திருக்கும். மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் போய்விடும், திரும்பி வராது. என் அம்பாசடரில் இடது பக்கம் இதேதான் ஆனது. விலையும் அதிகமில்லை, இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

பழைய_ஸ்பேனர்:

தம்பி, காலிப்பருக்கும் ஹோஸுக்கும் இப்போது பணம் கொடுக்காதீர்கள். அம்பி_மார்க்4 சொல்வது உண்மையான நோய்தான், ஆனால் அது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் வரும். உங்களுக்கு இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிக்கின்றன, பின்னாலும் சூடு இருக்கிறது. பூஸ்டரைக் கழற்றி மாட்டிய பிறகுதான் ஆரம்பித்திருக்கிறது. நான்குக்கும் பொதுவான இடம் மேலே, மாஸ்டரும் பூஸ்டரும் சேரும் இடம். அங்கிருந்து தொடங்குங்கள்.

மாஸ்டரில் ரிசர்வாயருக்கு அடியில் இரண்டு துளை இருக்கும். ஒன்று பெரியது, இன்னொன்று குண்டூசி நுழையும் அளவு. பெடலை விட்டதும் உள்ளே இருக்கும் ரப்பர் கப் அந்தச் சின்னத் துளையைத் தாண்டிப் பின்னால் வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் சூட்டில் விரியும் ஆயில் அந்தத் துளை வழியாக மேலே ரிசர்வாயருக்கு ஏறும். பூஸ்டரிலிருந்து மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளும் கம்பி ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் போதும், கப் அந்தத் துளையை மூடியபடியே நிற்கும். ஆயில் சூடாகும், விரியும், போக வழியில்லாமல் பேடை டிஸ்க்கில் அழுத்தும். அதில் இன்னும் சூடாகும், இன்னும் அழுத்தும். ஆறினால் சுருங்கி விட்டுவிடும். சேந்தமங்கலம் வரை ஓடுவதும், அரை மணியில் சரியாவதும் இதனால்தான் இருக்கும். "லேசாகத் தொட்டாலே பிடிக்கிறது" என்று மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரிதான் முதலில் உறுத்தியது. பெடலில் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருந்தே ஆக வேண்டும்.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வழி. பிரேக் பிடித்து நிற்கும்போதே, சமதரையில் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் சில சுற்று தளர்த்தி மாஸ்டரை இரண்டு மூன்று மில்லி முன்னால் இழுங்கள். சக்கரம் விட்டால் கம்பி நீளம், அல்லது பூஸ்டர் முழுதாகத் திரும்பவில்லை. விடாவிட்டால் மாஸ்டரில் உள்ள பைப் நட்டைத் தளர்த்துங்கள், அப்போது விட்டால் கோளாறு மாஸ்டருக்குள். அதற்கும் விடாமல் காலிப்பரில் ஏர் எடுக்கும் பிளீடர் நிப்பிளைத் திறந்ததும் விட்டால் ஹோஸ். நிப்பிள் திறந்தும் விடவில்லை என்றால்தான் காலிப்பர் பிஸ்டன். ஆயில் கொதிக்கும் சூட்டில் இருக்கலாம், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் உரித்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் லைட் சுவிட்சையும் பாருங்கள். அதை அதிகமாக உள்ளே திருகியிருந்தால் பெடல் முழுதாக மேலே வராது, பலன் இதேதான்.

அப்புறம் அந்த ஆயில் குறைவது. அதை அலட்சியமாக விடாதீர்கள். தரையில் சொட்டாமல் குறைந்தால், மாஸ்டரின் பின் சீல் வழியாகப் பூஸ்டருக்குள் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் இன்ஜினில் மேனிஃபோல்டு வேக்குவம் அதை இழுத்து எரித்துவிடும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரலாம். ரிப்பேர் செய்த டயாபிராமும் அதில் ஊறிக் கெடும். மாஸ்டரைக் கழற்றும்போது அதன் பின்வாயில் விரலை விட்டுப் பாருங்கள்.

நாமக்கல்_ஜிஎல்எக்ஸ்:

அண்ணா, ரொம்ப நன்றி. நட்டைத் தளர்த்தி மாஸ்டரை முன்னால் இழுத்ததும் சக்கரம் இரண்டும் கையால் சுற்றும் அளவுக்கு விட்டுவிட்டன. பிரேக் லைட் சுவிட்ச் சரியாகவே இருக்கிறது. ஆனால் மாஸ்டரின் பின்வாய் நல்ல ஈரம். கம்பி எவ்வளவு நீளம் என்று எப்படி அளப்பது?

பழைய_ஸ்பேனர்:

பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் சுண்டைக்காய் அளவு உருட்டி, மாஸ்டர் பிஸ்டனில் கம்பி உட்காரும் குழியில் வையுங்கள். கேஸ்கெட்டோ ஓ-ரிங்கோ இருந்தால் அதோடு சேர்த்தே மாஸ்டரை மாட்டி, நட்டை முழுதாக இறுக்கி, உடனே கழற்றுங்கள். கம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையில் நசுங்கியிருக்கும் மண்ணின் கனம்தான் இடைவெளி. பொதுவாக அரை முதல் ஒரு மில்லி வரை இருந்தால் நல்லது. மண் முழுதாக ஒதுங்கி உலோகம் தெரிந்தால் கம்பி நீளம் என்று அர்த்தம். நுனியில் திருகும் தலை இருந்தால் உள்ளே திருகிக் குறையுங்கள். அளவுக்கு மேல் குறைத்தால் பெடல் ஆழமாகப் போகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. நுனி திருகாத வகையாக இருந்தால் பூஸ்டர் கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். நடுவில் வாஷர் கொடுத்து ஓட்ட வேண்டாம், அங்கே வேக்குவம் கசியும்.

மாட்டி ஏர் எடுத்த பிறகு ரிசர்வாயர் மூடியைத் திறந்து வைத்து, ஒருவரைப் பெடலை மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். முதல் தொடுதலில் ஆயிலின் மேல்பரப்பு சின்னதாகக் குமிழிட வேண்டும். அது தெரிந்தால் துளை திறந்திருக்கிறது.

நாமக்கல்_ஜிஎல்எக்ஸ்:

செய்துவிட்டேன். களிமண்ணில் கம்பியின் நுனி அப்படியே பதிந்து, நடுவில் பிஸ்டன் பளபளவென்று தெரிந்தது. தலையைத் திருகிக் குறைத்ததும் ரிசர்வாயரில் அந்தக் குமிழ் எழுவதைக் கண்ணால் பார்த்தேன். ராசிபுரம் போய்வந்தேன், சக்கரத்தில் தாராளமாகக் கை வைக்க முடிகிறது.

ஆனால் மாஸ்டரைப் பிரித்தபோது உள்சுவரில் புள்ளி புள்ளியாக அரிப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும் என்று மெக்கானிக் சொல்கிறார்.

பழைய_ஸ்பேனர்:

வேண்டாம் தம்பி. விரல் நகத்தில் தட்டுப்படும் பள்ளம் தேய்த்துப் போகாது. போகும் வரை தேய்த்தால் துவாரம் பெரிதாகிப் புது கப் தளர்ந்துவிடும். உங்கள் பின் சீல் கசிவுக்கும் அந்தப் பள்ளமே காரணமாக இருக்கலாம். நல்ல லேத்தில் கொடுத்து உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் (மெல்லிய உட்குழாய்) போடுங்கள், பழைய அளவுக்கே. நான் சொன்ன அந்தச் சின்னத் துளையை ஸ்லீவிலும் அதே இடத்தில் போட்டு, உள்பக்க பிசிரைச் சுத்தமாக எடுக்கச் சொல்லுங்கள். பிசிர் இருந்தால் புது கப்பைக் கிழித்துவிடும். கிட்டைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவ விடாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். புது பிரேக் ஆயிலில் நனைத்துத்தான் உள்ளே விட வேண்டும். ஸ்லீவ் போட்டு வந்ததும் களிமண் சோதனையை மறுபடி செய்யுங்கள், அதுவரை மலைப்பாதை வேண்டாம்.

அம்பி_மார்க்4:

சரி, ஹோஸ் இப்போதைக்குத் தப்பித்தது. ஆனாலும் எத்தனை வருடமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லீவ் போட்டபின் நான்கு சக்கரத்திலும் பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றி, டாட் 3-ஓ டாட் 4-ஓ (பிரேக் ஆயிலின் வகை), ரிசர்வாயர் மூடியில் எழுதியிருப்பதையே சீல் உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். அந்த ஈரம்தான் மாஸ்டருக்குள் அரிப்பு வைக்கிறது.