டிசம்பர் 16: அல்சூரில் ஆர்கெஸ்ட்ரா வைக்கலாமா?

ஏரிக்கரைவாசி:
பெங்களூர் அல்சூர்ல எங்க தெரு சங்கத்துல இந்த வருஷம் விஜய் திவஸ் (வெற்றி நாள்) கொண்டாடறதுன்னு முடிவாயிருக்கு. 1971 டிசம்பர் 16, டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்துல பாகிஸ்தான் தளபதி நியாஸி நம்ம ஜெனரல் அரோரா பக்கத்துல உக்காந்து சரணடையறேன்னு கையெழுத்துப் போட்ட நாள். 13 நாள் போர், சுமார் 93,000 பேர் கைதி. இதைவிடப் பெரிய வெற்றி நமக்கு எது? சாயங்காலம் ஏரிக்கரை வரைக்கும் ஊர்வலம், பசங்களுக்கு மாறுவேஷப் போட்டி, பட்டாசு, ஆர்கெஸ்ட்ரா. வீட்டுக்கு 500 ரூபாய். நேத்து வசூலுக்குப் போனப்ப சில பேர் "இதெல்லாம் எதுக்கு?"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. அதான் இங்க கேக்கறேன். மனசுல இருக்கறதைச் சொல்லுங்க.

ராத்திரிஷிப்ட்:
பத்து மணிக்கு மேல மைக் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நவம்பர் பூரா ராஜ்யோத்சவா (கர்நாடக மாநில நாள்) ஸ்பீக்கர் கேட்டாச்சு. எனக்குத் தூக்கம் வேணும், அவ்வளவுதான்.

தம்பிமகன்:
இங்க எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) ராணுவ சென்டர் பக்கத்துல வளர்ந்தவன் நான். அப்பா அந்தக் குரூப்ல, அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற ராணுவப் பொறியாளர் படையில இருந்தவர். ராணுவத்துல அவங்களைத் 'தம்பி'ன்னுதான் கூப்பிடுவாங்க, அதான் எனக்கு இந்தப் பேரு.

அண்ணே, டாக்காவுல கையெழுத்தான அதே 16ஆம் தேதி மேற்கு முனையில, பசந்தர் ஆத்துப் பக்கம் சண்டை நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. 21 வயசு அருண் கேத்ரபால் எரியற டாங்கியை விட்டு இறங்காமலே செத்தது அன்னைக்குத்தான். பரம்வீர் சக்ரா, எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த டாங்கிகள் ஆத்தைத் தாண்டிப் போக முன்னாடி கண்ணிவெடி வயல்ல பாதை போட்டது யாரு? 9 இன்ஜினியர் ரெஜிமென்ட். நம்ம சாப்பர்கள். ராத்திரி இருட்டு, மேல குண்டு விழுது, இவங்க தரையைப் பாத்து வேலை செய்யணும். வேலை முழுசா முடியறதுக்குள்ளயே டாங்கிகள் கிளம்பவேண்டிய அவசரம். அந்த ரெஜிமென்ட்டோட மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு செத்த பிறகு மகாவீர் சக்ரா கொடுத்தாங்க. நம்ம தெருவுல எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்?

இப்ப சொல்லுங்க, மேடையில யாரை உக்கார வைக்கப் போறீங்க? முன்னாள் கார்ப்பரேட்டரைத்தானே? நாலு வீடு தள்ளி ஓய்வுபெற்ற சாப்பர்கள் இருக்காங்களே, அவங்க வீட்டுக் கதவைத் தட்டினீங்களா?

ஏரிக்கரைவாசி:
தட்டல. தட்டுவோம். ஆனா தம்பி, ஒண்ணு யோசிச்சுப் பாரு. இரங்கல் கூட்டம்னா பத்துப் பேர் வருவாங்க. ஆர்கெஸ்ட்ரான்னா தெருவே வரும். வந்தாத்தானே நீ சொல்ற கதையை யாராவது கேப்பாங்க?

இன்னொரு காரணமும் இருக்கு. 91 காவிரிக் கலவரத்தை இந்த ஊர்ல பார்த்தவன் நான். இதே ஏரிக்கரையில திருவள்ளுவர் சிலை 2009 வரைக்கும் 18 வருஷம் மூடிக் கிடந்துச்சு. பொங்கல் வச்சா நாம மட்டும், ராஜ்யோத்சவான்னா அவங்க மட்டும். கன்னடம், தமிழ், உருது, மலையாளம்னு பேசற எல்லா வீட்டுக்காரங்களும் ஒரே பந்தலுக்குக் கீழ வந்து உக்கார எனக்கு வேற நாள் கிடைக்கல.

கோட்டைக்காரன்:
நான் மார்க்கெட் பக்கம். தினமும் கோட்டையைத் தாண்டித்தான் பஸ் பிடிக்கிறேன். அங்கே சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: 1791 மார்ச் 21, ஆங்கிலேயர் உடைத்துக்கொண்டு புகுந்த இடம் இதுதான் என்று. ஜெயித்தவன் வைத்த கல். அந்த முற்றுகையில் செத்த ஆங்கிலேயருக்கு ஹட்சன் சர்க்கிள் அருகே ஒரு தூணும் இருந்தது. 1964இல் மக்கள் போராடி, மாநகராட்சியே இடித்துவிட்டது. சரியான காரியம். நீங்கள் குடியிருக்கும் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அஸாயே ரோடு என்றால் 1803இல் மராட்டியரைத் தோற்கடித்த சண்டை. மியானீ அவென்யூ என்றால் 1843இல் சிந்துவைப் பிடித்த சண்டை. இரண்டும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வெற்றிகள், இரண்டிலும் மெட்ராஸ்காரர்கள் இருந்தார்கள். இன்று அந்த ரோடுகளில் ஆட்டோ பிடிப்பவர் யாராவது அந்த வெற்றிக்காக நெஞ்சை நிமிர்த்துகிறாரா?

வெற்றியைக் கொண்டாடுவது அன்றன்றைய அரசாங்கத்தின் வேலை. தெரு சங்கத்துக்கு அது எதற்கு? நான் பணம் தரமாட்டேன்.

ஏரிக்கரைவாசி:
சார், கம்பெனிக்காரன் ஊரைப் பிடிச்சதும் 71ம் ஒண்ணா? 71ல ஒரு நாடே விடுதலை ஆச்சு. வங்கதேசத்துல இன்னிக்கும் டிசம்பர் 16 தேசிய விடுமுறை. அவங்களே கொண்டாடறப்ப நாம கொண்டாடினா என்ன தப்பு?

யாழினி:
வங்கதேசத்தைச் சொன்னபடியால் எழுதுறன். அவை 16ஆம் திகதிக்கு முதல் 14ஐ நினைவு நாளாக வச்சிருக்கினம். சரணடையிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னம் பேராசிரியர்கள், மருத்துவர்கள், பத்திரிகைக்காரர் எண்டு வீடு வீடாகப் பிடிச்சுக்கொண்டு போய்க் கொன்றவங்களுக்கான நாள். முதல் அழுகை, ரெண்டு நாள் கழிச்சுத்தான் விழா. உங்கட நோட்டீசில 14 இல்லை.

நான் யாழ்ப்பாணம், இப்ப கலியாணம் முடிச்சு இந்திராநகரில். எங்கட நாட்டில 2009க்குப் பிறகு மே மாதம் வந்தாலே தெற்கில வெற்றி விழா, அணிவகுப்பு. அதே கிழமை முள்ளிவாய்க்காலில விளக்குக் கொளுத்த வாற சனத்துக்குத் தடை. 2015இல 'வெற்றி நாள்' எண்ட பேரை எடுத்துப்போட்டு 'நினைவு நாள்' எண்டு மாத்தினவை. பட்டாசுச் சத்தம் கேட்டால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். உங்களைக் குறை சொல்லேல்லை அண்ணா.

ஏரிக்கரைவாசி:
உங்க வலி புரியுதும்மா. ஆனா அது ஒரு நாட்டுக்குள்ள, சொந்த ஜனங்க மேல நடந்தது. அதையும் இதையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

தம்பிமகன்:
தராசு வேண்டாம். அவங்க நாட்டுக்கே நம்ம பசங்க போனாங்களே, 1987லேர்ந்து 90 வரைக்கும்? அமைதிப்படையில ஆயிரத்துக்கு மேல செத்தாங்க. பம்பாயில பிறந்த தமிழர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 87 நவம்பர் 25, பரம்வீர் சக்ரா. டிசம்பர் 16ன்னா ஊர்வலம் போறீங்க. நவம்பர் 25ன்னா இந்தத் தெருவுல ஒரு விளக்கு எரிஞ்சிருக்கா? அந்தப் போர்ல நமக்கு வெற்றி நாள்னு ஒண்ணு இல்ல, அதனால நோட்டீசும் இல்ல. 62 சீனப் போர்ல பனியில செத்தவங்களுக்கும் அதே கதி. ஜெயிச்ச தேதியை மட்டும் பிடிச்சுக்கிட்டா தோத்த இடத்துல செத்தவன் யாருக்குமே வேண்டாதவன் ஆயிடறான். என் சண்டை உங்க ஆர்கெஸ்ட்ராவோட இல்லண்ணே, இதோடதான்.

கோட்டைக்காரன்:
தம்பிமகன் சொல்வதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். பெங்களூர் என்ற பெயர் நமக்குத் தெரிந்து முதலில் வருவதே பேகூர் நாகேஸ்வரர் கோயில் கல்வெட்டில், 9ஆம் நூற்றாண்டு. அதில் இருப்பது பெங்களூர்ச் சண்டையில் மாண்டவரின் பெயர். ஜெயித்தவனுக்கு விழா எடுத்த செய்தி அல்ல.

தம்பிமகன்:
சார் ஒத்துப்போறேன்னு சொல்லிட்டுப் பணம் மட்டும் தரமாட்டேங்கறீங்க :) கொடி நாள் டிசம்பர் 7, 1949லேர்ந்து இருக்கு. அந்த நிதி போறது போர்ல புருஷனை இழந்தவங்களுக்கும் ஓய்வுபெற்ற ஜவான்களுக்கும்தான். வசூல்ல பாதியை அங்க கட்டச் சொல்லுங்க, மீதியில ஆர்கெஸ்ட்ரா வைக்கட்டும். அப்பவாவது தருவீங்களா?

கோட்டைக்காரன்:
கொடி நாள் நிதிக்கு நேரே கட்டுகிறேன். மேடைக்குக் காலணா கிடையாது.

ஏரிக்கரைவாசி:
சரி, சங்கத்துல பேசிட்டு வந்தேன். பட்டாசு கிடையாது. பாதி வசூல் கொடி நாளுக்கு. ஆர்கெஸ்ட்ராவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, அதை நிறுத்தமாட்டேன், நிறுத்தவும் இஷ்டமில்ல. பாட்டுக்கு முன்னாடி அரை மணி நேரம் சாப்பர் பெரியவங்க பேசட்டும். பரமேஸ்வரன் பேரும் சௌத்ரி பேரும் பேனர்ல வரும். முன்னாள் கார்ப்பரேட்டர் வருவார், பந்தல் செலவு அவரோடது, என்ன பண்ண? 14ஆம் தேதி பத்தி யாழினி சொன்னதுக்கு எங்க ஆளுங்க ஒத்துக்கல.

யாழினி:
ஏன் ஒத்துக்கொள்ளேல்லை?

ஏரிக்கரைவாசி:
'அது அவங்க ஊர்த் துக்கம், நமக்கென்ன'ன்னாங்க.

தம்பிமகன்:
வெற்றி மட்டும் நம்ம ஊருதா? நானே வந்து பேசறேன், கூட்டம் எப்போ?

ஏரிக்கரைவாசி:
ஞாயித்துக்கிழமை பதினொரு மணி. சண்டை போடாம பேசு.

ராத்திரிஷிப்ட்:
அப்படியே மைக் எத்தனை மணிக்கு நிக்கும்னும் கேட்டுட்டு வாங்க.